தபால் தலைக்கும் ஓர் உரைகல்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தபால் தலையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர், "இன்ஜினியரிங் சம்பந்தமா ஏதாவது பேசக் கூடாதா?" என்று கேட்டார்கள். நான் பேசப் போவது இன்ஜினியரிங்தான். தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து ஒரு லோடு இரும்புத் தகடு வந்து இறங்கினால், கூடவே ஒரு சான்றிதழும் வரும். சான்றிதழை ஃபைலில் வைத்துக்கொண்டு, மைக்ரோமீட்டரைக் கையில் எடுப்போம். அனுப்பினவர் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. அளந்து பார்ப்பது நம் வேலை, அவ்வளவுதான். ஆன்லைனில் பழைய தபால் தலை வாங்குகிறவர்களுக்கும் நான் சொல்ல வருவது இதேதான்.

முன்பெல்லாம் தபால் தலை வாங்க வேண்டும் என்றால் வியாபாரியின் கடைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கண்காட்சிக்குப் போக வேண்டும். இடுக்கியால் எடுத்து, திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுவோம். இப்போது நமக்குக் கிடைப்பது ஒரு போட்டோ மட்டும். அதுவும் முன்பக்கம் மட்டும். ஏமாறுகிறவர்களில் இரண்டு வகையினரை அதிகம் பார்க்கிறேன். ஒன்று, இப்போதுதான் சேர்க்க ஆரம்பித்திருக்கும் மாணவர்கள். இன்னொன்று, சின்ன வயதில் விட்ட ஆல்பத்தை ஓய்வு பெற்ற பிறகு திரும்ப எடுக்கும் பெரியவர்கள். முதல் வகையினர் ஏமாந்ததும் ஆல்பத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். இரண்டாம் வகையினர் வெளியில் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். இருவருக்காகவும்தான் இந்தப் பேச்சு.

பழைய கலைஞர்கள்

போலித் தபால் தலை இன்டர்நெட் காலத்துச் சமாச்சாரம் இல்லை. ஜெனீவாவில் ஃபிரான்சுவா ஃபூர்னியே என்று ஒருவர் இருந்தார். விலைப்பட்டியல் போட்டு, நகல் என்று சொல்லியே விற்றார். அசலை வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சேவை செய்வதாக அவர் நினைப்பு. 1917-இல் அவர் காலமானார். மிச்சமிருந்த சரக்கை அந்த ஊர்த் தபால் தலைச் சங்கம் விலைக்கு வாங்கி, 1928-இல் 480 ஆல்பங்களாக ஒட்டி, போலியை அடையாளம் காண உதவும் பாடப் புத்தகம் போலாக்கிவிட்டது. அவர் நகல் என்று சொல்லி விற்றாலும், கை மாறக் கை மாற அந்த வார்த்தை உதிர்ந்துபோய் அசல் என்ற பெயரில் உலாவியதுதான் பிரச்சினை.

இன்னொருவர் ழான் டி ஸ்பெராட்டி. இத்தாலியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். 1942-இல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய தபால் தலைகளைப் பிரெஞ்சு சுங்கத்துறை பிடித்தது. விலைமதிப்புள்ள அசலை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்று வழக்கு. அவர் சொன்ன பதில்: "ஐயா, அத்தனையும் போலி, நானே செய்தது." நிபுணர்களோ அசல் என்று சாதித்தார்கள்! அவருடைய ரகசியங்களில் ஒன்று காகிதம். அதே காலத்து மலிவான அசல் தபால் தலையை எடுத்து, அச்சை ரசாயனத்தால் வெளுத்துவிட்டு, அதே காகிதத்தின் மேல் விலையுயர்ந்த தலையை அச்சடிப்பார். 1954-இல் பிரிட்டிஷ் தபால் தலைச் சங்கம் அவருடைய சரக்கை விலை கொடுத்து வாங்கி, அந்தக் கடையை மூட வைத்தது.

ஸ்பெராட்டிக்கு இருந்த பொறுமையும் கைத்திறமையும் இன்றைய போலிக்காரர்கள் பலரிடம் இல்லை. ஒரு ஸ்கேனர், ஒரு நல்ல பிரிண்டர், ஒரு பெர்ஃபரேஷன் மெஷின், இவ்வளவுதான் முதலீடு. அதுவே நமக்குச் சாதகம். ஸ்பெராட்டியை நம்மால் பிடிக்க முடியாமல் போகலாம். இவர்களைப் பிடித்துவிடலாம்.

பணம் கட்டும் முன்

முதல் சோதனைக்கு லென்ஸ்கூட வேண்டாம். சாதாரணக் கணக்கு போதும்.

1948 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா காந்தியடிகளின் நினைவாக நான்கு தபால் தலைகள் வெளியிட்டது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். ஸ்விட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவ்யூர் முறையில் அச்சானவை. இதில் 'சர்வீஸ்' என்று மேலே அச்சடித்து, கவர்னர் ஜெனரலின் அலுவலக உபயோகத்துக்காக 100 செட் மட்டும் தயாரித்தார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் நம் ராஜாஜி. அந்தப் பத்து ரூபாய் சர்வீஸ் தலைகள் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-இல் லண்டனில் 5 லட்சம் பவுண்டுக்கு விலை போனது.

இப்போது யோசியுங்கள். உலகத்துக்கே நூறுதான் என்ற பொருளை ஒருவர் மூவாயிரம் ரூபாய்க்கு விற்கிறார். அவர் முன்பு விற்ற பட்டியலைப் பார்த்தால், போன மாதமும் ஒன்று, அதற்கு முந்தின மாதம் இரண்டு. தாத்தாவின் பெட்டியில் கிடைத்ததாம்! அந்தத் தாத்தா கவர்னர் ஜெனரல் மாளிகையிலேயே குடியிருந்திருந்தால்தான் இது சாத்தியம்.

அடுத்தது நட்சத்திர மதிப்பெண். "இவருக்கு ஐந்து நட்சத்திரம் இருக்கே சார்" என்று பலர் சொல்கிறார்கள். அந்த நட்சத்திரத்தை வாங்கியவர், பார்சல் வந்த வாரமே போட்டுவிடுகிறார். போலி என்று தெரிய வருவதோ ஐந்து வருடம் கழித்து, விற்கப் போகும்போது. ஆகவே அந்த மதிப்பெண், பார்சல் ஒழுங்காக வந்தது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி.

மூன்றாவது, விவரக் குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். 'ரெப்ளிக்கா', 'ஃபேக்சிமிலி', 'ஆல்பத்தில் இடம் நிரப்ப', 'எனக்கு இதில் அனுபவம் இல்லை, பார்த்து வாங்கவும்' என்றெல்லாம் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதன் பிறகு வழக்கு பேசப் பிடி கிடைக்காது. "தளத்துக்கு வெளியே எனக்கு நேராகப் பணம் அனுப்பினால் விலை குறைப்பேன்" என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

நான்காவது, நாட்டின் பெயர். ஏதோ ஒரு நாட்டின் பெயரைப் போட்டு, டைனோசர், பூனை, ரயில் என்று வண்ண வண்ணத் தாள்கள் விற்பனைக்கு வரும். அந்த நாட்டுத் தபால் இலாகாவுக்கே அது தெரியாது. இதற்காகவே சர்வதேசத் தபால் ஒன்றியம் 2002 முதல் ஒரு பதிவு முறையை நடத்துகிறது. அதில் சேர்ந்திருக்கும் நாடுகளின் புதிய தபால் தலைக்கு எண் உண்டு. 2002-க்குப் பிந்தைய தலை என்றால் அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.

போட்டோவிடம் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. செல்போன் படம் வேண்டாம், 600 டிபிஐ ஸ்கேன் வேண்டும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தது. நேர்மையான வியாபாரி சிரித்துக்கொண்டே அனுப்புவார். மழுப்புகிறவரை விட்டுவிடலாம்.

இந்த ஸ்கேனில் என்ன லாபம்? தபால் தலையின் ஓரத்துளைகளை 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு எத்தனை என்று எண்ணித்தான் உலகம் முழுக்கக் குறிப்பிடுகிறார்கள். காந்தி தலைகளுக்கு அது பதினொன்றரை. 600 டிபிஐ ஸ்கேனில் 2 சென்டிமீட்டர் என்பது சுமார் 472 புள்ளிகள். ஆக, தபால் தலையைத் தொடாமலே, திரையிலேயே துளையை எண்ணிவிடலாம். கணக்கு ஒத்து வரவில்லை என்றால் பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. 1854-இல் கல்கத்தாவில் அச்சான கிழக்கிந்தியக் கம்பெனித் தலைகள் ஓரத்துளையே இல்லாமல் வெளியானவை என்பதையும் நினைவில் வையுங்கள். 1852-இல் சிந்து மாகாணத்தில் வந்த 'சிந்து டாக்', ஆசியாவின் முதல் தபால் தலை. அதன் உருவம் காகிதத்தைப் புடைத்து எழுப்பியது. தட்டையாக அச்சடித்த படத்தைக் காட்டினால் அது வேறு ஏதோ.

உறையோடு வரும் தலைகளுக்குத் தேதிதான் முதல் சாட்சி. சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலை, தேசியக் கொடி போட்ட மூன்றரை அணாத் தலை. அதன் மேல் '15 ஆகஸ்ட் 1947' என்று அச்சாகியிருக்கும். ஆனால் வெளியானது 1947 நவம்பர் 21-இல். இது தெரியாத போலிக்காரர், அந்தத் தலையை ஒட்டி, ஆகஸ்ட் 15 முத்திரை குத்தி, 'சுதந்திர நாள் முதல் உறை' என்று விற்கிறார். அந்த நாள் முத்திரை விழுந்த அசல் உறைகள் உண்டு. அவற்றில் இருப்பது ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை.

அதே போல, ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். 1950 தேதியிட்ட உறையின் விலாசத்தில் பின்கோடு இருந்தால், எழுதினவர் ஜோசியராக இருக்க வேண்டும்!

கையில் வந்த பிறகு

பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கருவிகள். பத்து மடங்கு லென்ஸ், ஓரத்துளை அளவுகோல், கடைகளில் ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு. மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல சட்டை விலைக்குள் முடிந்துவிடும்.

லென்ஸில் என்ன தெரியும் என்பதற்கு வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். சிவகாசி காலண்டரை லென்ஸில் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் பூப்போலக் கூடியிருக்கும். அது ஆஃப்செட். அடுத்து ஒரு நூறு ரூபாய் நோட்டில் காந்தி படத்தை விரலால் தடவிப் பாருங்கள். மை மேடாகத் தட்டுப்படும். அது செதுக்கிய தகட்டு அச்சு. கம்ப்யூட்டர் பிரிண்டர் தாளைப் பாருங்கள். சில மெஷினில் நிறத் துளிகள் சிதறியிருக்கும், சில மெஷினில் தூள் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். இந்த நான்கையும் ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இனி கேட்லாகைத் திறங்கள். ஒவ்வொரு தபால் தலைக்கும் எந்த அச்சு முறை, எந்தக் காகிதம், என்ன நீர்க்குறி, எத்தனை துளை என்று ஜாதகமே அதில் இருக்கும். ஜாதகத்தில் இரண்டு மையில் ஃபோட்டோகிராவ்யூர் என்று இருந்து, லென்ஸில் காலண்டர் புள்ளி தெரிந்தால், பொருத்தம் இல்லை. முத்திரையையும் விடாதீர்கள். அசல் முத்திரை, தலையின் மேல் தனியாக விழுந்த மை. படத்தோடு சேர்த்து அச்சடித்த முத்திரையிலும் அதே புள்ளிகள் இருக்கும்.

புற ஊதா விளக்கு காகிதத்தின் வயதைச் சொல்லும். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரும் ரசாயனம் 1950-களில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய தபால் தலை விளக்கின் கீழ் மங்கலாக இருக்க வேண்டும். பளீரென்று நீல வெள்ளையில் மின்னினால் சந்தேகப்படுங்கள். சந்தேகப்படுங்கள் என்றுதான் சொல்கிறேன், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். யாராவது சோப்புத்தூள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியிருந்தாலும் பழைய தலை மின்னும்.

உரைகல்

இவ்வளவும் சொன்னேன். ஆனால் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். போலியைப் படிக்காதீர்கள், அசலைப் படியுங்கள். போலிகள் ஆயிரம் விதம், எல்லாவற்றையும் யாராலும் படித்து முடிக்க முடியாது. அசல் ஒரே விதம்.

நல்ல வேளையாக, அசல் மலிவாகவும் கிடைக்கிறது. காந்தி பத்து ரூபாய்த் தலை வாங்க ஆசையா? முதலில் முத்திரை விழுந்த ஒன்றரை அணாத் தலையை வாங்குங்கள். ஏராளமாகப் புழங்கியது, சொற்ப விலைக்குக் கிடைக்கும். அளவில் பத்து ரூபாய்த் தலையை விடச் சின்னது. ஆனால் அதே அச்சகம், அதே வருடம், அதே அச்சு முறை, அதே பதினொன்றரைத் துளை. லென்ஸில் அது எப்படித் தெரிகிறது, விளக்கில் எப்படி இருக்கிறது என்று மனப்பாடம் ஆகும் வரை பாருங்கள். பெரிய தலையின் ஸ்கேன் வந்ததும் இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பல்லோடு பல் பொருந்த வேண்டும். தட்டான் எல்லா நகையையும் உருக்கியா பார்க்கிறார்? உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, தெரிந்த தங்கத்தின் கோட்டோடு ஒப்பிடுகிறார். அந்தத் தெரிந்த தங்கம் நமக்கு ஒன்றரை அணா.

என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய அப்பா, ஓய்வு பெற்ற ஆசிரியர். ஆன்லைனில் காந்தி பத்து ரூபாய்த் தலை ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். பேரன் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்தாராம். நான்கு மாதம் கழித்து, "தம்பி, உங்ககிட்ட லென்ஸ் இருக்காமே, கொஞ்சம் பாருங்களேன்" என்று காட்டினார். பக்கத்தில் என் ஒன்றரை அணாத் தலையை வைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். அவரே பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றில் மை படிந்திருந்தது, இன்னொன்றில் காலண்டர் புள்ளி.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது. விற்றவரின் கணக்கும் மூடியிருந்தது. கூட இருந்த உறவினர் ஒருவர், "வாங்கின விலைக்கே வேற யாருக்காவது தள்ளிவிட்டுடலாமே" என்றார். பெரியவர் பேனா கேட்டார். பின்பக்கம் 'போலி' என்று எழுதினார். பென்சில் போதுமே அப்பா என்றேன். "பென்சில்ல எழுதினா எவனாவது அழிச்சிடுவான் தம்பி. என் காசு போனது போகட்டும், இது என்னோட நிக்கட்டும்" என்றார்.

ஃபூர்னியேயின் நகல்களில் உதிர்ந்துபோன அந்த வார்த்தை இங்கே உதிராமல் நின்றது. போலிச் சங்கிலி அறுகிற இடம் இதுதான். ஏமாந்த ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையில் கட்டினால் சங்கிலி நீண்டுகொண்டே போகும்.

சட்டமும் சான்றிதழும்

எல்லாப் போலியையும் லென்ஸ் பிடிக்காது. அசல் தலையில் போலியாக மேலச்சு போடுவார்கள், புதுசாகக் கோந்து தடவுவார்கள், ரசாயனத்தால் ஒரு நிறத்தை வெளுத்து 'அச்சுப் பிழை' என்பார்கள். காகிதம் அசல், அச்சு அசல், சேர்த்த வேலை மட்டும் போலி. சர்வீஸ் தலை போன்ற விஷயங்களில் நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் கை வைக்காதீர்கள். லண்டன் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டி, நியூயார்க் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்றவை சான்றிதழ் தருகின்றன. சான்றிதழும் போலியாக வரலாம். அதனால் சான்றிதழில் இருக்கும் படமும் வந்த தலையும் ஒன்றா என்று துளைக்குத் துளை பாருங்கள். வழங்கிய நிறுவனத்திடமும் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், வியாபாரி திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. விற்பனைத் தளம் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதெல்லாம் பலிக்க வேண்டுமானால் வந்த அன்றே சோதிக்க வேண்டும். பரணில் போட்டுவிட்டு நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், உரிமை இருந்தும் வழி இருக்காது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலீடு என்று நினைத்துத் தபால் தலை பக்கம் வராதீர்கள். ஆசைக்காக வாருங்கள். சென்னை அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தில் இருப்பது போன்ற ஃபிலாட்டலி பிரிவுகளில் புதிய தலைகளை முகமதிப்பு விலைக்கே தருகிறார்கள். அங்கே போலி பயம் இல்லை. அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஊரில் இருக்கும் சேகரிப்பாளர் சங்கத்தில் சேருங்கள். பத்துப் பெரியவர்களின் ஆல்பத்தைப் பார்த்த கண்ணுக்குப் பழகும் விஷயம், எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

இந்த மண்டபத்துக்கு வெளியே ஒரு மேஜையில் என் லென்ஸையும், காந்தி ஒன்றரை அணாத் தலை ஒன்றையும், பக்கத்தில் ஒரு காலண்டர் தாளையும் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். நான் அரை மணி நேரம் பேசியதை விட அந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லித் தரும்.